மலையூர்ப் பள்ளியின் பந்தாட்ட ஆசிரியர்



பாடசாலை விளையாட்டு என்றதும் நமக்கு நினைவில் வருவன சிலவே. பாடங்கள் முடிந்தபின் மைதானத்திலே எழும் ஆரவாரம், ஆண்டுக்கொரு முறை நடக்கும் இல்ல விளையாட்டுப் போட்டி, அயற் கல்லூரியோடு ஆடும் ஒரு கிரிக்கெட் ஆட்டம், பரிசளிப்பு விழாவில் மேசைமேல் வைக்கப்படும் வெள்ளிக் கிண்ணம்: இவற்றோடு அது அடங்கிவிடும். யப்பான் நாட்டிலோ நிலைமை வேறு. அங்கே உயர்நிலைப் பள்ளி மாணவர் ஆடும் பேஸ்போல் ஆட்டம் நாட்டின் திருவிழாவாகவே விளங்குகின்றது. ஒசாக்கா நகருக்கும் கோபே நகருக்கும் இடையே நிஷினோமியா என்னும் ஊரில் 1924ஆம் ஆண்டு கட்டப்பெற்ற கோஷியென் மைதானத்திலே, வசந்த காலத்தில் ஒரு முறையும் கோடையில் ஒரு முறையும் இப்போட்டிகள் நடைபெறுகின்றன. நாற்பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் அமரக்கூடிய அரங்கு அது. கோடைப் போட்டி 1915ஆம் ஆண்டிலே தொடங்கியது. 1927ஆம் ஆண்டு முதல் அது வானொலியிலும் ஒலிபரப்பாகி வருகின்றது. யப்பானியர் தங்கள் நாட்டு வானொலியில் நேரடியாகக் கேட்ட முதல் விளையாட்டு இந்தப் பள்ளிப் பிள்ளைகளின் ஆட்டமே என்பது வானொலி நேயர்களுக்குச் சுவையான செய்தியாக இருக்கும்.

பேஸ்போல் ஆட்டம் எத்தகையது என்று கேட்பவர்கள், நம் நாட்டுக் கிராமங்களிலே புத்தாண்டுக் காலத்தில் ஆடப்படும் எல்லே விளையாட்டை எண்ணிக்கொள்ளலாம். ஒருவன் எறியும் பந்தை மற்றொருவன் தடியால் அடித்துவிட்டு, வட்டமாக அமைந்த தளங்களைத் தொட்டுக்கொண்டு ஓடி, புறப்பட்ட இடத்துக்குத் திரும்பிவிட்டால் ஓர் ஓட்டம். பேஸ்போலிலும் அடிப்படை இதுவே. அணிக்கு ஒன்பது பேர். அமெரிக்காவிலே பிறந்த இவ்வாட்டத்தை 1872ஆம் ஆண்டளவில் தோக்கியோவில் கற்பித்த அமெரிக்க ஆசிரியர் ஒருவர் யப்பானுக்குக் கொண்டுவந்தார். ஓர் ஆசிரியர் கொணர்ந்த ஆட்டம் அந்நாட்டில் ஆசிரியர்களாலேயே வளர்ந்தது எனலாம்.

அவ்வாறு வளர்த்தோருள் ஒருவர் சுத்தா ஃபுமியா என்பவர். நாற்பது ஆண்டுகள் ஒரே பள்ளியிலே, ஒரே மலையூரிலே, பந்தாட்டப் பயிற்சியாளராக இருந்தவர். பெயரும் புகழும் வந்தபின்னரும் அவ்வூரை விட்டு அகலாதவர். அவருடைய வாழ்க்கையே இன்றைய பேச்சின் பொருள்.

யப்பானின் நான்கு பெருந்தீவுகளுள் மிகச் சிறியது ஷிக்கோக்கு. அதன் கிழக்கே டோக்குஷிமா என்ற மாவட்டம் இருக்கின்றது. அம்மாவட்டத்தின் மேற்குக் கோடியில், யோஷினோ ஆறு மலைகளைப் பிளந்துகொண்டு வடக்கு நோக்கி வந்து, கிழக்கே திரும்பும் இடத்திலே அமைந்துள்ளது இக்கெடா. முன்னாளில் புகையிலை வாணிகத்தாற் பேர்பெற்ற சிறு பட்டினம். நாற்புறமும் மலை. ஆறு அங்கிருந்து நெடுந்தூரம் ஓடியே கடலைச் சேர்கின்றது. இக்கெடா உயர்நிலைப் பள்ளி, கட்டணம் மிகுந்த தனியார் கல்லூரி அன்று. மாவட்ட அரசாங்கத்தின் சாதாரணப் பாடசாலை. நாட்டின் நாலா திசைகளிலுமிருந்து திறமைமிக்க பிள்ளைகளைத் தெரிந்து கூட்டிவந்து விடுதியில் வைத்துப் பழக்கும் பெரிய பள்ளிகள் யப்பானில் உண்டு. இக்கெடாவில் ஆடியவர்களோ பெரும்பாலும் அவ்வட்டாரத்துப் பிள்ளைகளே.

சுத்தா 1923ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்திலே பிறந்தார். டோக்குஷிமா வர்த்தகப் பாடசாலையில் மாணவராக இருந்தபோதே கோஷியென் மைதானத்தில் ஆடும் பேறு பெற்றார். பின்பு கியோத்தோ நகரிலுள்ள டோஷிஷா பல்கலைக்கழகத்திற் சேர்ந்தார். அவ்வேளையில் யுத்தம் குறுக்கிட்டது. 1943ஆம் ஆண்டிலே யப்பானிய அரசாங்கம் பல்கலைக்கழக மாணவரையும் படைக்கு அழைத்தது. சுத்தா கடற்படை விமானியானார். பகைவர் கப்பல்மீது விமானத்தோடு வீழ்ந்து மடிவதற்கென அமைத்த விசேட தாக்குதற் படையிலே சேர்க்கப்பட்டார். அவர் புறப்படும் நாள் வருமுன் 1945ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் யுத்தம் முடிந்துவிட்டது. அப்போது அவருக்கு வயது இருபத்திரண்டு கூட நிறையவில்லை. அந்த வயதுப் பிள்ளைகள் எத்தனையோ பேர் திரும்பி வராத காலம் அது.

யுத்தத்தின்பின் அவர் மீண்டும் பந்தை எடுத்தார். 1950ஆம் ஆண்டு தோக்கியு என்ற தொழில்முறை அணியிலே பந்தெறிபவராகச் சேர்ந்தார். ஓர் ஆண்டு மட்டுமே அங்கே தங்கினார். சில ஆட்டங்களிலேயே ஆடக் கிடைத்தது. வெற்றி ஒன்றேனும் கிட்டவில்லை. ஊருக்குத் திரும்பி, 1951ஆம் ஆண்டு இக்கெடாப் பள்ளியிலே சமூகக்கல்வி ஆசிரியரானார். மறு ஆண்டிலே பந்தாட்டப் பயிற்சியும் அவர் கைக்கு வந்தது.

மலைகளுக்கு நடுவே பிறந்து வளரும் இப்பிள்ளைகளுக்கு ஒரு முறையேனும் பெருங்கடலைக் காட்டிவிட வேண்டும் என்பதே தம் ஆசையாயிருந்ததென அவர் பிற்காலத்தில் தம் ஊர்ப் பேச்சிலே சொன்னதுண்டு. கடல் என்று அவர் குறித்தது கோஷியென் மைதானத்தை; அதற்கப்பால் விரிந்து கிடக்கும் உலகத்தை. சொல்லளவிலும் அது பொருந்தும். ஷிக்கோக்குத் தீவையும் யப்பானின் பெருந்தீவையும் முழுமையாக இணைக்கும் பாலம் 1988ஆம் ஆண்டிலேதான் திறக்கப்பட்டது. அதுவரை, கோஷியென் செல்ல விரும்பிய ஷிக்கோக்குப் பிள்ளைகளுக்குக் கடல் குறுக்கே கிடந்தது.

ஆனால், அந்தக் கடலைக் காட்ட அவருக்கு எத்தனை காலம் சென்றது தெரியுமா? ஏறத்தாழ இருபது ஆண்டுகள்! யப்பானிய உயர்நிலைப் பள்ளிப் படிப்பு மூன்று ஆண்டுகளே. ஒரு பிள்ளை பதினைந்து வயதிலே வந்து பதினெட்டு வயதிலே போய்விடுவான். ஒரு தொகுதி போக மறு தொகுதி, அதுவும் போக அடுத்தது என்று இருபது ஆண்டுக் காலப் பிள்ளைகள், கோஷியென் வாசலைக் காணாமலே பள்ளியைவிட்டு வெளியேறினார்கள். போட்டி முறை அப்படிப்பட்டது. ஒரு தோல்வியோடு எல்லாம் முடிந்துவிடும். மறு வாய்ப்புக் கிடையாது. அதுமட்டுமா? அக்காலத்திலே டோக்குஷிமா மாவட்டத்துக்கும் அயலிலுள்ள கோச்சி மாவட்டத்துக்கும் சேர்த்துக் கோடைப் போட்டிக்கு ஓர் இடமே பொதுவாக ஒதுக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஓர் இடம் என்பது 1978ஆம் ஆண்டிலேதான் நிலையான விதியாயிற்று. கோச்சியிலே வலிமைமிக்க பள்ளிகள் இருந்தன. டோக்குஷிமாவிலோ, சுத்தா தாமே கற்ற வர்த்தகப் பாடசாலை வழியை மறித்து நின்றது. 1958ஆம் ஆண்டு கோடையில் அப்பாடசாலையின் பந்தெறிபவராகிய பண்டோ எய்ஜி, உவோசு என்ற பள்ளியுடன் பதினெட்டுச் சுற்றுகள் ஆடியும் வெற்றி தோல்வியின்றிப் பிரிந்து, ஆட்டத்தை மறுநாளும் ஆட நேர்ந்தது இன்றும் யப்பானில் பேசப்படுகின்றது. அத்தகைய அணிகள் உள்ள மாவட்டத்தில் மலையூர்ப் பள்ளி ஒன்று தலைதூக்குவது எளிதன்று.

தோற்ற ஆசிரியரின் நிலை எப்படி இருந்திருக்கும் என்று விரித்துரைக்க வேண்டியதில்லை. ஊரில் பேச்சு எழும். பெற்றோர் முகம் கோணுவர். பயிற்சியாளரை மாற்றினால் என்ன என்று கேட்கவும் எவரேனும் இருப்பர். எந்த நாட்டுப் பாடசாலையிலும் இஃது உள்ளதே. எனினும் இருபது ஆண்டுகள் அவரை அப்பொறுப்பில் வைத்திருந்த பள்ளியையும் பாராட்டத்தான் வேண்டும். பலன் காணாத உழைப்புக்கு இத்துணை நீண்ட தவணை கொடுக்கும் நிருவாகம் அரிது.

1971ஆம் ஆண்டு கோடையில் இக்கெடா முதன்முறையாகக் கோஷியென் மைதானத்தில் அடியெடுத்து வைத்தது. சுத்தாவுக்கு அப்போது நாற்பத்தேழு வயது. மூன்று ஆண்டுகளின்பின், 1974ஆம் ஆண்டு வசந்தகாலப் போட்டிக்கு வந்தபோது நாடு முழுவதும் இக்கெடாவின் பெயரை அறிந்துகொண்டது. காரணம் வியப்பானது. அந்த அணியில் இருந்தவர் பதினொரு பேரே! ஆடுவோர் ஒன்பதின்மர் போக, மிகுதி இருவர். ஒருவனுக்குக் காய்ச்சல், மற்றொருவனுக்குக் கால் சுளுக்கு என்றால் அடுத்தவனுக்கு ஆளில்லை. அப்பதினொருவரும் இறுதி ஆட்டம்வரை சென்று, ஹோத்தொக்குப் பள்ளியிடம் மூன்றுக்கு ஒன்று என்ற கணக்கிலே தோற்றனர். பத்திரிகைகள் அவர்களை, தென்றல் போன்று மனத்துக்கு இதமான பதினொருவர் எனப் புகழ்ந்தன.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும. அணி ஏன் பதினொரு பேராகச் சுருங்கியது? ஊரிலே பிள்ளைகள் இல்லாமலா? இல்லை, சுத்தாவின் பயிற்சியின் கடுமையைத் தாங்கமாட்டாமல் பலர் விலகிச் சென்றமையே காரணம். எஞ்சிய பதினொருவரை நாடு கொண்டாடியது; விலகியவர்களை எவரும் எண்ணிப் பார்க்கவில்லை. மாணவரை வடிகட்டி எஞ்சியோரைக் கொண்டு பெறும் வெற்றி, அது எத்துணை அழகியதாயினும், ஆசிரியத் தொழிலிலே முழு வெற்றியாகுமா என்பது கேட்கத் தகுந்த கேள்வியே. சுத்தா கோபக்காரர், குரல் உயர்ந்தவர், மதுப்பிரியர் என்பதும் அந்நாட்டார் அனைவரும் அறிந்த சங்கதி. அவரைக் குறையற்ற உத்தமராக்கிப் பேசினால், அது அவருக்கும் பொருந்தாது, உண்மைக்கும் பொருந்தாது.

அதே 1974ஆம் ஆண்டின் கோடையில் யப்பானிய உயர்நிலைப் பள்ளிப் பேஸ்போலிலே ஒரு மாற்றம் நிகழ்ந்தது. மர மட்டைகள் அடிக்கடி முறிந்து பள்ளிகளுக்குப் பெருஞ்செலவு வைத்தமையால், உலோக மட்டை அனுமதிக்கப்பட்டது. பலர் இதைச் சிக்கனம் பற்றிய ஏற்பாடாகவே பார்த்தனர். சுத்தா இதில் வேறொன்றைக் கண்டார்.

அதுவரை யப்பானியப் பள்ளிகள் ஆடிய முறை நுட்பமானது, நிதானமானது. ஒருவன் முதல் தளத்தை அடைந்துவிட்டால், அடுத்து வருபவன் மட்டையை ஓங்கி வீசமாட்டான். பந்தை மட்டையால் மெல்லத் தொட்டு, சில அடி தூரம் உருளவிட்டு, தான் ஆட்டமிழந்தேனும் தோழனை அடுத்த தளத்துக்கு நகர்த்துவான். இப்படி ஒவ்வோர் ஓட்டமாகச் சிறுகச் சேர்த்து, பிழையின்றிக் காத்து ஆடி வெல்வதே நல்ல ஆட்டம் எனப்பட்டது. தன்னை ஒறுத்துக் குழுவை உயர்த்தும் அப்பண்பு யப்பானியர் உள்ளத்துக்கு உகந்தது. சுத்தாவும் நெடுங்காலம் அவ்வழியிலேயே பயிற்றினார். பதினொருவர் அணி பேரெடுத்ததும் அவ்வழியிலேதான்.

உலோக மட்டையிற் பட்ட பந்து மரத்திற் பட்டதைவிட விரைந்து பறக்கும். ஆனால் அதை வீசுவதற்குத் தோளும் முதுகும் மணிக்கட்டும் உரம்பெற வேண்டும். ஆகவே சுத்தா தம் மாணவரைப் பாரம் தூக்கவைத்தார். அக்காலத்திலே பேஸ்போல் ஆடுவோர் தசையைப் பெருக்கக் கூடாது, உடல் இறுகிவிடும் என்றொரு நம்பிக்கை பரவலாக இருந்தது. அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. உடற்பயிற்சி அறிந்தவரின் துணையோடு, இரும்புப் பளுக்களைக் கொண்டு பிள்ளைகளின் உடலை ஒழுங்காக வளர்த்தார்; பயிற்சி நேரத்திற் பெரும்பகுதியை அடித்தாடுவதற்கே ஒதுக்கினார். மெல்லத் தட்டி நகர்த்தும் முறையை ஏறக்குறையக் கைவிட்டார். முதலிலிருந்து கடைசிவரை வரும் ஒன்பது பேரும் ஓங்கி அடிக்க வேண்டும் என்பதே அவர் புதிய பாடம்.

ஐம்பது வயதைக் கடந்த ஓர் ஆசிரியர், தமக்குப் புகழ் தேடித்தந்த முறையையே விட்டுவிட்டு வேறொன்றைத் தொடங்குவது சாதாரண காரியம் அன்று. அந்த வயதிலே பழைய குறிப்புப் புத்தகத்தைப் புரட்டிப் பாடம் நடத்துவோரே அதிகம். அவர் வென்ற கிண்ணங்களைவிட இந்த மாற்றமே அவர் வாழ்க்கையில் மேலானது என்று சொல்லத் தோன்றுகின்றது.

1979ஆம் ஆண்டு கோடையில் இக்கெடா மீண்டும் இறுதி ஆட்டத்துக்கு வந்தது. எதிரே மினோஷிமாப் பள்ளி. அதுவும் ஓர் அரசாங்கப் பள்ளியே. அவ்வாண்டு வசந்தகாலக் கிண்ணத்தை ஏற்கனவே வென்றிருந்தது. இக்கெடா நான்குக்கு மூன்று என்ற கணக்கில் தோற்றது. இரண்டு முறை இறுதிக்கு வந்தும் இரண்டு முறையும் வெறுங்கையோடு திரும்பவேண்டி வந்தது. பயிற்சியாளராக அமர்ந்து இருபத்தேழு ஆண்டுகள் கடந்துவிட்டன.

1982ஆம் ஆண்டு கோடை வந்தது. அந்நாளில் யப்பானிய இளைஞர் பலருக்குக் கண்மணியாக விளங்கியவன் அராக்கி டைசுகே என்னும் மாணவன். தோக்கியோவின் வாசெடா பெயர்கொண்ட பள்ளியிலே பந்தெறிபவன். 1980ஆம் ஆண்டிலிருந்து தொடர்ந்து ஐந்து முறை கோஷியென் வந்தவன். கால் இறுதி ஆட்டத்திலே இக்கெடா அவனைச் சந்தித்தது. நகரத்துப் பேரழகனுக்கு முன்னே மலையூர்ப் பிள்ளைகள் என்ன செய்வார்கள் என்று பலரும் எண்ணியிருக்கக்கூடும். ஆட்டம் முடிந்தபோது கணக்குப் பலகையில் இக்கெடா பதினான்கு, வாசெடா இரண்டு! பாரம் தூக்கிப் பழகிய தோள்கள் பேசின. அரையிறுதியை நான்குக்கு மூன்று என்று மயிரிழையிலே தாண்டினர். இறுதி ஆட்டத்திலே ஹிரோஷிமா வர்த்தகப் பாடசாலையை எதிர்கொண்டனர். தற்காப்பு நுட்பத்துக்கும், மெல்லத் தட்டி நகர்த்தும் பழைய முறைக்கும் பேர்பெற்ற பள்ளி அது. முதற் சுற்றிலேயே ஆறு ஓட்டங்களைப் பெற்ற இக்கெடா, முடிவில் பன்னிரண்டுக்கு இரண்டு என்று வென்றது. பந்தெறிந்தவன் ஹத்தாக்கெயாமா.

உலோக மட்டை எழுப்பும் ஒலி மலைகளில் மோதி எதிரொலிப்பதுபோல் ஓயாது கேட்டமையால், இக்கெடாவின் ஆட்டத்துக்கு எதிரொலி ஆட்டம் என்று பெயர் வந்தது. சுத்தாவின் உருண்டு திரண்ட உருவத்தைக் கண்டு, தாக்கும் தருமா பொம்மை என்று அவருக்கும் ஒரு பட்டம் சூட்டினார்கள். தருமா என்பது யப்பானியர் வீடுகளில் வைக்கும் பொம்மை. எப்படித் தள்ளினாலும் விழாமல் நிமிர்ந்துவிடும். காஞ்சியிலிருந்து சென்றதாகக் கூறப்படும் போதிதருமரின் பெயரே அப்பொம்மைக்கு அமைந்தது என்பதை இவ்விடத்தில் நினைத்துக்கொள்ளலாம்.

மறு ஆண்டு, 1983 வசந்தத்திலே, மிசுனோ கட்சுஹிட்டோ பந்தெறிய இக்கெடா மீண்டும் வென்றது. இறுதியில் யொக்கொஹாமா வர்த்தகப் பாடசாலைக்கு ஓர் ஓட்டமேனும் கொடாது மூன்று ஓட்டங்களால் வெற்றி. கோடையும் வசந்தமும் கைவந்தன. அடுத்த கோடையும் தமதே என்ற எண்ணம் எங்கும் பரவியது. அரையிறுதியில் எதிர்ப்பட்டது ஒசாக்காவின் பீ. எல். கல்லூரி. அதன் பந்தெறிபவன் குவாட்டா மசுமி, வயது பதினைந்து, முதலாண்டு மாணவன். அவனுக்குத் துணையாக அவனைப்போலவே முதலாண்டு மாணவனான கியோஹரா கசுஹிரோ அடித்தாடினான். இக்கெடாவின் அஞ்சத்தக்க அடியாளர்கள் அச்சிறுவனின் பந்துக்கு ஓர் ஓட்டமும் பெறமாட்டாது போயினர். போதாக்குறைக்கு, குவாட்டாவே மிசுனோவின் பந்தை அரங்கின் இருக்கைகளுக்குள் அடித்துவிட்டான். ஏழுக்குச் சுழியம். ஒரு காலம் முடிந்து மற்றொரு காலம் தொடங்கியதை அன்று மைதானத்தில் இருந்தோர் கண்ணாரக் கண்டார்கள்.

1986ஆம் ஆண்டு வசந்தத்தில் சுத்தாவுக்கு மூன்றாவது கிண்ணம் கிடைத்தது. அதன்பின் அணி படிப்படியாகத் தளர்ந்தது. மற்றப் பள்ளிகளும் இரும்புப் பளுக்களை வாங்கிவிட்டன. ஓங்கி அடிக்கும் கலை ஒரு மலையூரின் தனிச் சொத்தாக இருக்கவில்லை. 1992ஆம் ஆண்டில், அறுபத்தெட்டு வயதிலே, அவர் பயிற்சிப் பொறுப்பிலிருந்து விலகினார். கோஷியென் மைதானத்துக்கு அவர் அணியை அழைத்து வந்தது 14 முறை. பெற்ற வெற்றி 37. கண்ட தோல்வி 11. அந்தப் பதினொரு தோல்விகளைவிட, கோஷியென் வருமுன்னரே ஊர்ப் போட்டிகளிற் கண்ட தோல்விகள் எத்தனையோ மடங்கு அதிகம். அவை அந்தக் கணக்கிலே சேர்வதில்லை.

அவர் மாணவருள் ஹத்தாக்கெயாமாவும் மிசுனோவும் தொழில்முறை அணிகளிலே சேர்ந்து பெயர் பெற்றனர். ஆனால் அவரிடம் பயின்ற பிள்ளைகளிற் பெரும்பாலோர் அப்படி ஆகவில்லை, ஆகவும் இயலாது. அவர்கள் பள்ளியை விட்டபின் பந்தை வைத்துவிட்டுத் தத்தம் தொழிலுக்குப் போனவர்கள். 1950ஆம் ஆண்டுகளிலும் 1960ஆம் ஆண்டுகளிலும் அவரிடம் பயின்று கோஷியென் காணாமலே போனவர்களும் அவர்களுள் அடங்குவர். அணி வென்ற நாட்களில் அவர்கள் தம் நடுவயதிலே வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் முன்னே அமர்ந்து கேட்டவர்கள், பார்த்தவர்கள்.

சுத்தா 2001ஆம் ஆண்டு ஏப்பிரில் 28ஆந் திகதி, எழுபத்தேழாம் வயதிலே காலமானார். மலையூர்ப் பிள்ளைகளுக்குக் கடலைக் காட்டுதல் பற்றி அவர் சொன்ன சொற்கள் பள்ளியிலே கல்லிற் பொறிக்கப்பட்டுள்ளன. இக்கெடாப் பட்டினம் 2006ஆம் ஆண்டு அயலூர்களோடு இணைக்கப்பட்டு மியோஷி என்ற நகராயிற்று. மலைநாட்டு ஊர்கள் பலவற்றைப்போல அங்கும் பிள்ளைகளின் தொகை குறைந்து வருகின்றது. உலோக மட்டையும் முன்போல் இல்லை. பந்து மிகையான வேகத்தோடு பறந்து பந்தெறிபவரைக் காயப்படுத்துவதைத் தடுக்கும் பொருட்டு, 2024ஆம் ஆண்டு வசந்தம் முதல், மெலிந்த, பந்தை அவ்வளவு விரைவாகத் திருப்பி அனுப்பாத மட்டையே யப்பானியப் பள்ளிகளில் அனுமதிக்கப்படுகின்றது. மெல்லத் தட்டி நகர்த்தும் பழைய முறைக்கு மீண்டும் மதிப்பு ஏறிவருகின்றது.

2014ஆம் ஆண்டு வசந்தகாலப் போட்டிக்கு இக்கெடா மறுபடி தெரிவாயிற்று. வசந்தத்தில் அங்கே அது வந்தது இருபத்தேழு ஆண்டுகளின் பின்னர். அணியை அழைத்து வந்த பயிற்சியாளர் சுத்தாவிடம் பயின்ற பழைய மாணவர்.